குளியலறையில் லூமன் சார்

புது டார்ச் வந்த நாளெல்லாம் இப்படித்தான்: குளியலறைக் கதவின் அடி இடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி அடைக்கிறார் லூமன் சார். வெளியிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் நுழைந்தாலும் கணக்குக் கெட்டுவிடுமாம். சோப்புப் பெட்டியின் மேல் கட்டைவிரல் பருமனில் ஒரு டார்ச், கூரையைப் பார்த்து நிற்கிறது. கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளப்பது அவருடைய கைப்பேசி. நேரத்தை அளப்பது மனைவியின் கைப்பேசி. கவிழ்த்த வாளியின் மேல் அவர். கதவுக்கு வெளியே, தோளில் துண்டோடு மனைவி.

"என்னங்க, நான் குளிக்கணும்."

"இரும்மா, வெளிச்சம் இன்னும் இறங்கல."

எடை, அளவு சரிபார்க்கும் ஆய்வாளர் உத்தியோகம். தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் கடைக்காரர்கள் அவசர அவசரமாகத் தராசைத் துடைப்பார்கள். அச்சடித்த எதையும் நம்ப மாட்டார். பிஸ்கட் பாக்கெட்டைக் கூடக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். பெண் பார்த்தபோது பெண்ணின் உயரத்தை ஓர் அங்குலம் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்ற மனக்குறை இன்னும் தீரவில்லை.

டார்ச் படலம் ஆரம்பித்தது மனைவியின் கணுக்காலில். அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டாருக்கு சுவிட்ச் இருப்பது அடித்தளத்தில். அங்கே இறங்கும் படிகளுக்கு விளக்கு கிடையாது. இவர்கள் வீட்டு முறை வந்தால் போவது மனைவிதான். சாருக்கு முட்டிவலி, டார்ச் கடைக்கு நடக்கும்போது மட்டும் அது தலைகாட்டாது. போன மழைக்காலத்தில் ஒரு படி தவறி, மனைவிக்குக் கால் பிசகிக்கொண்டது. கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சார் சொன்னார்: "இனிமே நீ இருட்டுல இறங்கவே கூடாது. நல்ல டார்ச்சா நான் பாத்து வாங்கறேன்." மனதாரத்தான் சொன்னார். கட்டுப் பிரித்து, காலும் தேறிவிட்டது. டார்ச்சுகள்தான் வருவதும், பரீட்சையில் தோற்றுக் கடைக்கே திரும்புவதுமாக இருக்கின்றன. வெளிச்சத்தை அளக்கும் அலகான லூமனை வைத்து, லூமன் சார் என்று பெயர் சூட்டியதே அந்த டார்ச் கடைக்காரர்தான்.

"சார், இது ஆயிரம் லூமன். மூணு மணி நேரம் நிக்கும்."

"ஆயிரமும் மூணு மணி நேரமும் சேர்ந்தா வருது? தனித்தனியா வருதா?"

"டப்பால போட்டிருக்கு சார்."

"டப்பாவா எரியப்போகுது?"

கேள்வி நியாயமானது என்பதுதான் கொடுமை. அந்த ஆயிரம் நாலு நிமிஷம்கூட நிற்காது. சூடு ஏறியதும் டார்ச் தானாகவே அடக்கி வாசிக்கும். அந்த மூணு மணி நேரம் என்பது அழுது வடியும் வெளிச்சத்துக்கு. இதையெல்லாம் சார் புட்டுப் புட்டு வைப்பார். கேட்டுக்கொண்டே கடைக்காரர் இன்னொருவருக்கு அதே டார்ச்சைக் கட்டிக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதைக் கொண்டு இருட்டில் சௌக்கியமாக நடந்து போவார்.

நேற்றுக் காலை அதிசயமாக ஒரு டார்ச் தாக்குப் பிடித்தது. சூடு தாங்கியது, வெளிச்சம் அசையவில்லை. "இது தேறிடும்போல இருக்கே!" என்று உள்ளிருந்து சாரின் குரல் குதித்தது.

"தேறினது போதும், வெளிய குடுங்க. இன்னிக்கு நம்ம முறை, மோட்டார் போடணும்."

"பாதியில எடுத்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்மா."

"அப்ப என் போனையாவது குடுங்க."

"அதுலதானே நேரம் ஓடுது!"

"என் காலுக்கு டார்ச்சா, டார்ச்சுக்கு என் காலா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மனைவி கிளம்பிவிட்டார். இத்தனை மாதமாக அவருக்கு வழிகாட்டி வருவது சுவர்தான். அதைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கீழே தொப்பென்று ஒரு சத்தம். கூடவே, "ஐயோ, என் காலு!"

சாருக்கு உயிரே போய்விட்டது. அதில் சந்தேகம் வேண்டாம். மனைவிமேல் அவருக்கு அவ்வளவு பிரியம். வாளி உருள, போர்வை காலில் சிக்க, டார்ச்சை அள்ளிக்கொண்டு, "வந்துட்டேம்மா, அசையாதே!" என்று அலறியபடி ஓடினார். வாசல்படி தாண்டியவர் சட்டென்று நின்றார். திரும்பிக் குளியலறைக்குள் போய், மனைவியின் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் படியிறங்கினார்.