பரண் மேல் கிளி

பறவைகளைப் பற்றி வேடியப்பனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அவை கிளம்பிப் போக வேண்டும்.

மற்றபடி மைனா எந்த மரத்தில் குடித்தனம் நடத்துகிறது, தூக்கணாங்குருவி தன் கூட்டுக்கு வாசலை ஏன் அடியில் வைக்கிறது என்பதெல்லாம் அவன் யோசித்ததே இல்லை. சாமைக் கதிர் பால் பிடித்துவிட்டால், கொல்லை நடுவே நாலு கம்பு நட்டு மேலே தட்டி போட்ட பரணில் விடியும் முன்பே ஏறி உட்காருவான். இருட்டுகிறவரை "ஹோ... ஓய்!" என்று கத்துவான். கத்தலுக்கு மசியாத கிளிகளுக்குக் கவண்.

கவண் என்றால் ஒரு கயிறுதான். நடுவில் கல் வைக்கச் சின்னதாக ஒரு தொட்டில். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றி, ஒரு முனையை விட்டால் கல் சொன்ன இடத்துக்குப் போகும். வேடியப்பன் விட்டால் சொல்லாமலே போகும். சின்ன வயசில் இடுப்பில் கட்டியவன், அறுவடை முடிந்து கொல்லை மொட்டையாகக் கிடக்கும் பங்குனியிலும் அதை அவிழ்ப்பதில்லை. சில பேர் ஓடாத வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு திரிவதில்லையா, அது மாதிரி. கல்யாணத்தன்றுகூடப் புது வேட்டிக்குள் கவண் இருந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவன் மனைவி நீலாவதியைக் கேட்டால், "அது உனுக்கு எதுக்கு?" என்பாள். இல்லை என்று சொல்லமாட்டாள்.

மலையில் அவர்கள் ஊரில் தையல் மிஷின் இருக்கும் ஒரே வீடு நீலாவதியுடையது. தையலை அவள் மலைக்குக் கீழே ஆலங்காயத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டாள். தையலோடு மூன்று சிநேகிதிகளும் கிடைத்தார்கள். மூத்தவள் ராணியம்மாள், வாய்க்காரி. அடுத்தவள் கலைவாணி, யார் எதைச் சொன்னாலும் "ஆமா"வென்பவள். சின்னவள் பூஜா, போனை இறக்கி வைக்காதவள். வகுப்பு முடிந்தும் சிநேகம் முடியவில்லை. முறை வைத்து ஒருத்தி வீட்டில் கூடுவார்கள். சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், வராதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். கலைவாணி வீடு, ராணியம்மாள் வீடு, பூஜா வீடு, திரும்பவும் கலைவாணி வீடு. நீலாவதியின் முறை வரும்போது மட்டும் யாருக்காவது மலை ஞாபகம் வந்துவிடும்.

"உன் ஊருக்கு யாருடி வர்றது? அந்த பஸ்ஸு எப்ப வரும் எப்ப போவும்னு டிரைவருக்கே தெரியாது" என்பாள் ராணியம்மாள். எல்லோரும் சிரிப்பார்கள். நீலாவதியும் சிரிப்பாள். சிரித்துவிட்டு ஒரு பை சாமையோ ஒரு பாட்டில் தேனோ எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போவாள். அவள் வீட்டுக்கு அவர்கள் ஒருமுறைகூட வந்ததில்லை.

இந்தப் பங்குனியில் அவள் போனிலேயே சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை என் முறைக்கா. வரலைன்னா இனிமே என்னையும் கூப்டாதீங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டவர் போய்விட்டதோ என்று வேடியப்பன் எட்டிப் பார்த்தான். பிறகு ராணியம்மாள், "சரிடி, வர்றோம். வந்து பார்ப்போம்" என்றாள்.

அந்தப் 'பார்ப்போம்' நீலாவதிக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. நல்லபடியாக நடந்தால் தன் வீடும் முறையில் சேரும். சொதப்பினால் ஆயுசுக்கும் சாமைப் பையோடு கீழே போகிறவள்தான். இதை வேடியப்பனிடம் அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவனும் தலையாட்டினான். புரிந்துதான் ஆட்டினான்.

அந்த வாரமே பூஜா ஒரு வீடியோ அனுப்பினாள். எந்த நாட்டிலோ ஒரு வீட்டில், பனி முடிந்து பூப்பூக்கும் காலத்துக்கென்று விருந்து மேசையை ஜோடித்திருந்தார்கள். நடுவில் பூக்கிளைகள், கிளையில் துணிக் குருவிகள், தட்டுக்குத் தட்டு ஒரு சின்னக் கூடு, கூட்டில் முட்டை. நீலாவதி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வேடியப்பனும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே இது? சோத்தாண்ட குருவிய உக்கார வெச்சிக்கினு கீறாங்க?"

"அழகுக்குய்யா."

"எச்சம் வுட்டா?"

"துணிக் குருவிய்யா! துணி எங்கனா எச்சம் வுடுமா?"

"அப்ப அது எதுக்கு? கத்தாது, பறக்காது. வெரட்டவும் முடியாது."

அவனுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. சோற்றில் வாய் வைக்கக் கூடாதென்று ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கத் துரத்துகிற ஒன்றை, இன்னொரு மனுஷன் மெனக்கெட்டுத் தைத்து சோற்றுப் பக்கத்திலேயே வைக்கிறான் என்றால் அதில் என்னவோ இருக்க வேண்டும். ஆனால் கேட்ட விதம் நக்கல் மாதிரி இருந்தது.

"சரி, வுடு" என்றாள் நீலாவதி.

கல்யாணமான நாளிலிருந்து நீலாவதி 'சரி, வுடு' என்று சொல்லி எதையும் விட்டதில்லை. வேடியப்பன் அப்போதும் நம்பினான்.

அடுத்தடுத்த நாட்களில் வீட்டில் விசித்திரமான வேலைகள் நடந்தன. வெட்டிப் போட்ட பச்சை ரவிக்கைத் துணித் துண்டுகள் காணாமல் போயின. வெடித்த இலவங்காய்களைப் பொறுக்கி வந்து பஞ்சைப் பிரித்து வைத்தாள். அவன் உள்ளே நுழைந்தால் மிஷின் மேல் துண்டு விழுந்தது. தலையணை தைக்கிறாள் என்று முதலில் நினைத்தான். இத்தனை சின்னத் தலையணையில் யார் தலை வைப்பார்கள்? பூனையா? வீட்டில் பூனை இல்லை. பிறகு புளியமரத்தில் படர்ந்த கொடிக்கு அடியில் உட்கார்ந்து குன்றிமணி பொறுக்கினாள். அது எதற்கென்று கேட்டதற்கு, "கண்ணு" என்று மட்டும் சொன்னாள். யாருக்குக் கண் என்று யோசித்தபடியே அவன் இரண்டு நாள் மாடு மேய்த்தான்.

அதற்கு நடுவில் அவனுக்கும் ஒரு வேலை வந்தது.

"ஒரு டேபிள் வேணும்யா. களத்துல போடணும். நாலு பேர் உக்காந்து சாப்புட்றாப்பல."

வேடியப்பன் அன்றைக்கே மூங்கில் வெட்டி, கால் நட்டு, தட்டி முடைந்து, கயிறு இறுக்கிக் கட்டி முடித்தான். யானை முட்டினாலும் அசையாது. நீலாவதி வந்து பார்த்தாள். மேசை அவள் கழுத்து உயரத்துக்கு இருந்தது.

"இன்னாய்யா இது?"

"டேபிளு."

"இது பரணுய்யா! இதுல ஏறி உக்காந்து சாப்புடறதா, கீழ நின்னு எட்டி எட்டி சாப்புடறதா?"

அதுவரை கால் வைத்து அவன் செய்த பொருள் வாழ்க்கையில் பரண் ஒன்றுதான். கை பழகின வழிக்குப் போய்விட்டது. கால்களை வெட்டி இறக்கினான். இறக்கின பிறகும் அது, வளர மறந்த பரண் மாதிரிதான் நின்றது.

விருந்து நாள் காலையில், "நீ போய் பஸ் நிறுத்தத்துல நில்லு. அவங்களுக்கு வழி தெரியாது" என்று அவனைத் துரத்தினாள். களத்துப் பக்கம் போகக் கூடாதென்று இரண்டு தரம் சொன்னாள். பஸ் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது மூன்று பேரும் இறங்கினார்கள். பூஜா வளைவுகளில் வாந்தி எடுத்து வெளுத்திருந்தாள்.

"வாங்கம்மா" என்று பைகளை வாங்கிக்கொண்டான் வேடியப்பன்.

"இன்னும் எம்மாந்தூரம்ணே?" என்றாள் கலைவாணி.

"தோ, அந்தத் திருப்பம் தாண்டினா வூடு."

திருப்பத்தைத் தாண்டியதும் இன்னொரு திருப்பம் இருந்தது. ராணியம்மாள் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "அவ சொன்னத நம்பி வந்தோம் பாரு" என்றாள். பார்ப்போம் என்று வந்தவர்கள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சோறாவது நல்லபடி அமையட்டும் என்று நினைத்தபடி வேடியப்பன் நாலு எட்டு முன்னால் நடந்து புளியமரத்துப் பக்கம் வந்தான். அங்கிருந்து களம் தெரிந்தது.

களத்தில் யாரும் இல்லை. நடுவில் பரண். பரண் மேல் வரிசையாகக் கிளிகள். பச்சைப் பசேலென்று, சிவப்பு மூக்கோடு, குனிந்து சாமையைத் தின்றுகொண்டிருந்தன. பட்டப்பகலில். ஆளில்லாத திமிரில். அதுவும் பரண் மேலேயே!

பைகள் எப்போது கீழே விழுந்தன என்று அவனுக்குத் தெரியாது. "ஹோ... ஓய்!" என்ற சத்தம் மலையில் எதிரொலித்து முடிவதற்குள் கவண் ஒரு சுற்று சுற்றி ஓய்ந்திருந்தது.

நடுக்கிளி எகிறி விழுந்தது. பக்கத்தில் இருந்த பானகக் கலயம் உடைந்து, வெள்ளைத் துணி முழுக்கப் புளித்தண்ணீர் ஓடியது. மற்ற கிளிகள் பறக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரவிக்கைத் துணி. இலவம்பஞ்சு. குன்றிமணிக் கண்.

சத்தம் கேட்டு நீலாவதி கோழிக்குழம்புச் சட்டியோடு வெளியே வந்தாள். அன்றைய விருந்தில் நிஜப் பறவை அந்தச் சட்டிக்குள் இருந்தது மட்டும்தான்.

"இன்னாய்யா பண்ணே?"

"கிளி..." என்றான் வேடியப்பன். "பரண் மேல... சாமைய..."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் அவன் பக்கமே திரும்பாமல், அவன் பின்னால் வந்து நின்ற ராணியம்மாளையே பார்த்தாள்.

ராணியம்மாள் களத்துக்கு நடந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். நடுவில் இலவம்பூக் கிளைகள் சிவப்பாக நின்றன. ஒவ்வொரு இடத்திலும் சிறகு விரித்த மாதிரி தைத்த மந்தார இலைத் தட்டு. தட்டுக்குப் பக்கத்தில் பழைய தூக்கணாங்குருவிக் கூட்டைப் பாதியாக வெட்டி வைத்து, அதில் அவித்த முட்டை. கிளிக்கு முன்னால் ஒரு கைப்பிடி சாமை. விழுந்த கிளியை அவள் எடுத்தாள். நெஞ்சு பிளந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி கலை, இங்க வா. துணி கிழிஞ்சிருக்கு, தையல் பிரியல பாரு."

கலைவாணி வாங்கிப் பார்த்தாள். "ஆமாக்கா. ஒரு முடிச்சுகூட வுடல."

"கல்லடிக்கே தாங்குதுடி இவ தையல். நம்ம தெச்ச ரவிக்கை தும்முனாலே பிரியுது." ராணியம்மாள் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தாள். "அங்க இருந்தாய்யா அடிச்சே? நல்லவேளை, நான் பச்சைப் பொடவை கட்டல."

முதலில் சிரித்தது பூஜாதான். வாந்தி எடுத்த வாயால் அப்படி ஒரு சிரிப்பு. அப்புறம் எல்லோரும். நீலாவதி சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று சொன்னாள்.

சாப்பாடு நடந்தது. சாமைச் சோறு, கோழிக்குழம்பு, மொச்சை, தேன் விட்ட பாயசம். வேடியப்பன் பரிமாறினான். பிராயச்சித்தமாக யார் போதும் என்றாலும் கேட்காமல் போட்டான். அடிபட்ட கிளி மேசை ஓரத்தில் மல்லாந்து கிடந்தது. அதன் நெஞ்சுப் பஞ்சு காற்றில் பூப்பூவாகப் பறந்தது.

அப்போது விரல் நீளம்கூட இல்லாத ஒரு தேன்சிட்டு விர்ரென்று வந்து அந்தக் கிளி மேலேயே உட்கார்ந்தது. எல்லோரும் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் நிறுத்தினார்கள். வேடியப்பனின் கை இடுப்புக்குப் போனது. போய், அங்கேயே நின்றது.

சிட்டு அலகு நிறையப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. துரத்தியதும் பறவைகள் எங்கே போகின்றன என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. இது துரத்தாமலே போகிறது. கரண்டியோடு அதன் பின்னாலேயே நடந்தான். அது நேராக அவன் வீட்டுக்குத்தான் போனது. கூரை இறவாணத்தில் தொங்கிய பழைய கயிற்று முனையில், சருகும் நாரும் சேர்த்துக் கட்டிய சின்னப் பை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சிட்டு அதற்குள் தலையை விட்டது.

"நீலா! இது எப்பலேர்ந்து இங்க கீது?"

"போன வருசமும் கட்டிச்சி."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உன்னாண்ட சொன்னா அது இருக்குமா?"

மேசையில் மறுபடி சிரிப்பு. வேடியப்பனுக்கு அது காதில் விழவில்லை. உள்ளே பஞ்சை எப்படி விரிக்கிறது என்று பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கிளியின் நெஞ்சை இன்னும் கொஞ்சம் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்து வைத்தான். நீலாவதி பார்த்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு இறங்கும்போது ராணியம்மாள் தீர்ப்பு மாதிரிச் சொன்னாள். "இன்னாடி, இவ்ளோ நல்லா கீது. பேசாம இனிமே எல்லாத் தடவையும் இங்கயே வெச்சிக்கலாம். எங்க வூட்டுப் புழுக்கத்துல யாரு உக்கார்றது?"

"ஆமாக்கா" என்றாள் கலைவாணி.

வேடியப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஜெயித்துவிட்டாள் என்று நினைத்து நீலாவதியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகம் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் வேணாங்க்கா."

"ஏண்டி?"

"இது இன்னா டவுன் பார்க்கா, வந்து சுத்திப் பாத்துட்டுப் போறதுக்கு? அடுத்தது உன் முறை. அப்புறம் பூஜா, அப்புறம் கலை. அதுக்கு அப்புறம் நானு. முறைன்னா முறை."

ராணியம்மாள் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கீழே பஸ் ஹாரன் கேட்டது.

"என் வூட்ல டேபிளும் கெடையாது, கிளியும் கெடையாது. கருவாட்டுக் கொழம்புதான்."

"அதைத் தின்னத்தான் வர்றேன்."

"சாமை கீமை தூக்கிக்கினு வராத. வெறுங்கையோட வா" என்று சொல்லிவிட்டு ராணியம்மாள், நிறுத்தத்தில் காத்திருந்த பஸ்ஸின் படியில் ஏறினாள்.