செயலாளரின் இடது கண்

பெரம்பலூர் நேசக்கரங்கள் சேவைச் சங்கத்துக்குத் தலைவர்கள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் ஒருவர் கழுத்தில் புது மாலை விழும். அடுத்த ஜூலையில் அவர் முன்னாள் தலைவராகி, முன்வரிசை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து குறை சொல்ல ஆரம்பிப்பார். செயலாளர் மட்டும் மாறவே மாட்டார். தொண்ணூற்றேழிலிருந்து இரண்டாயிரத்து நாலு வரைக்கும் அந்த வேலை அய்யம்பெருமாள் தலையில்தான். அது ஒன்றும் அவரைப் பெருமைப்படுத்தக் கொடுத்த பதவி இல்லை. அழைப்பிதழ் அடிப்பது, லாட்ஜ் மாடியில் ஹால் சொல்லி வைப்பது, போண்டாவுக்கு ஆர்டர் கொடுப்பது, வராதவர்களுக்குப் போன் போடுவது, வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவது எல்லாம் சேர்ந்தால்தான் செயலாளர். வேறு யாருக்கு வேண்டும் அந்த வேலை?

அய்யம்பெருமாளுக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரம். பத்தாவது முடித்த கையோடு பெரம்பலூருக்கு வந்து ஒரு பெயிண்ட் கடையில் டப்பா தூக்கினார். பன்னிரண்டு வருடம் தூக்கிய பிறகு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனியாக ஒரு கடை போட்டார். மகளை அரியலூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மனைவி பொன்னுத்தாய் மத்தியானம் கடையைப் பார்த்துக்கொள்வாள். ஆக மனுஷருக்கு நேரம் இருந்தது, குரலும் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

சங்கம் மாதாமாதம் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தியது. முகாமுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அய்யம்பெருமாள் கிளம்பிவிடுவார். குரும்பலூர், எறையூர், வாலிகண்டபுரம் என்று ஒரு ஊர் விடமாட்டார். "பல்லு வெளக்கி, தலைக்குக் குளிச்சு, மாத்துத்துணி எடுத்துக்கிட்டு வாங்க. சோறு, மருந்து, கண்ணாடி எல்லாம் இலவசம். ஆபரேசன்னா பயப்படாதீங்க தாய்மார்களே, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அம்புட்டுதான்!" கிராமங்களில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. மைக்குக்காரர் என்றால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் முகாம். டாக்டர்கள் பார்த்து, புரை முற்றியவர்களின் புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டுவார்கள். எந்தக் கண்ணில் அறுவைச் சிகிச்சை என்று திருச்சி கண் ஆஸ்பத்திரியில் தெரிய வேண்டுமே, அதற்காக. பிளாஸ்திரி விழுந்ததும்தான் வேடிக்கை ஆரம்பிக்கும். ஒருவர் டீ குடிக்கப் போகிறேன் என்று போவார். ஒருத்திக்கு ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்துவிடும். இன்னொருவர் பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்தே ஓடியிருக்கிறார், அவருக்கு வயது எழுபது. எல்லோரையும் தேடிப் பிடித்து, கெஞ்சி, அதட்டி, ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றுவதில் அய்யம்பெருமாளை மிஞ்ச ஆளே கிடையாது. ஏற்றியதும் தலைவர் பச்சைக்கொடி அசைப்பார், போட்டோ எடுப்பார்கள், பஸ் போய்விடும். ஏழு வருடத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை அப்படி அனுப்பினார். ஒரு தடவைகூட அந்த பஸ்ஸில் அவர் போனது இல்லை.

போகாததற்குக் காரணம் ரொம்ப எளிது. அவர் சரியான பயந்தாங்கொள்ளி. அதிலும் கண் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை பெயிண்ட் துளி கண்ணில் தெறித்துவிட்டது. துடைக்க வந்த கம்பவுண்டரின் கையைப் பிடித்து முறுக்கியதில், கம்பவுண்டருக்குத்தான் மருந்து போட வேண்டியதாயிற்று. எறும்பு கடித்த மாதிரி என்பதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது.

அப்பேர்ப்பட்டவருக்கு இடது கண்ணில் புரை விழுந்தது. வலது கண்ணில் பார்வை சின்ன வயதிலிருந்தே அரைகுறைதான். முதலில் அவர் மின்சார வாரியத்தைத் திட்டினார். வோல்டேஜ் கம்மி என்று கடையில் மூன்று தடவை பல்பு மாற்றினார். அப்புறம், இந்தக் காலத்தில் லேபிளே மங்கலாக அடிக்கிறான் என்றார். ஒருவர் சந்தன நிறம் கேட்க, இவர் வெளிர்மஞ்சளைக் கொடுத்தனுப்ப, அந்த ஆள் பாதிச் சுவர் அடித்துவிட்டு வந்து கடை வாசலில் நின்று கத்தினார். பொன்னுத்தாய்க்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

"ஏங்க, வாசல்ல நிக்கிறது யாருன்னு சொல்லுங்க பாப்பம்."

"யாரு, மாப்பிள்ளையா? வாங்க மாப்ள, வாங்க!"

"பால்காரரு சைக்கிளுங்க அது. அத எதுக்கு வாங்கன்னு கூப்புடுறீங்க?"

"வெயில்டி. வெயில்ல யாருக்குமே அப்புடித்தான் தெரியும்."

ஊருக்கெல்லாம் கண் கொடுக்கிறவருக்கு இது எப்படியிருந்திருக்கும்? சொன்னால் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கூட்டங்களில் செயலாளர் அறிக்கையை மனப்பாடமாகவே ஒப்பித்தார். இரண்டு மாதம் ஒரே அறிக்கையைப் படித்தார், யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லா மாத அறிக்கையும் ஒரே மாதிரிதான் இருந்தது. அறிக்கையை யாராவது கேட்டால்தானே கண்டுபிடிக்க!

மாட்டிக்கொண்டது ஆகஸ்டு மாதம் இரண்டாவது சனிக்கிழமை. கூட்டத்தில் தலைவர் உரைக்குப் பிறகு உறுப்பினர்களின் பிறந்தநாள் வாழ்த்து, கல்யாணநாள் வாழ்த்து, யாராவது இறந்திருந்தால் இரங்கல் எல்லாவற்றையும் செயலாளர் துண்டுச்சீட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு சீட்டு. ஒன்று, அண்ணாதுரைக்குப் பிறந்தநாள். அவர் ரைஸ்மில் முதலாளி, சங்கத்தின் மூத்த முன்னாள் தலைவர். இன்னொன்று, ஜெயங்கொண்டம் பக்கத்து முன்னாள் உறுப்பினர் அண்ணாமலை காலமான செய்தி. கூட்டம் ஆரம்பித்த பிறகுதான் போன் வந்தது. தலைவர் சுரேஷ்குமார், செல்போன் கடை வைத்திருக்கிற சின்ன வயசுக்காரர், அவசரமாகக் கிறுக்கி அய்யம்பெருமாள் கையில் திணித்தார். அய்யம்பெருமாள் இரண்டு சீட்டையும் தூக்கிப் பிடித்தார், கிட்டத்தில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். 'அண்ணா' வரைக்கும் தெரிந்தது. மீதியை அவரே போட்டுக்கொண்டார்.

"நம் சங்கத் தூண்களில் ஒருவரான அண்ணன் அண்ணாதுரை அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மொத்த ஹாலும் எழுந்து நின்றது. செயலாளர் எழுந்திரு என்றால் எழுவதும் உட்கார் என்றால் உட்காருவதும் அந்தச் சங்கத்தில் ஊறிப்போன பழக்கம். யாருக்கு, என்ன என்று காதில் வாங்குவது அடுத்த சங்கதி. போண்டா சாப்பிடப் பின்வரிசைக்குப் போயிருந்த அண்ணாதுரையும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கைகட்டித் தலைகுனிந்து நின்றார். பாதி நிமிடம் கழித்து அவருக்கு உறைத்தது. ஆனால் மௌன அஞ்சலியில் பேசக்கூடாதே! 'நன்றி, அமரலாம்' என்று செயலாளர் சொல்லும் வரை தனக்குத்தானே அஞ்சலி செலுத்தியபடி நின்றார் அந்தப் பெரிய மனுஷர்.

"செயலாளரே," என்றார் அப்புறம். "ரொம்ப சந்தோசம். மால கீல ஏதும் கொண்டாந்திருக்கீங்களா?"

சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அய்யம்பெருமாளும் சேர்ந்து சிரித்தார், ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. கூட்டம் முடிந்து மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கிக்கொண்டிருந்தவரின் கையை அண்ணாதுரை பிடித்துக்கொண்டார்.

"எத்தன நாளா அய்யம்பெருமாளு?"

"எதுண்ணே?"

"எங்கிட்டயே மறைக்கிறியா? ஒனக்குக் கண்ணு தெரியல. நான் செத்தது கூட பரவால்ல, நீ படியில உருண்டு செத்துப்புடாத. வர்ற முகாம்ல டாக்டர்கிட்ட நீ உக்காரணும். இல்லேன்னா வேற செயலாளரப் பாக்கச் சொல்லிடுவேன்."

அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டாம் என்று மேலே சொன்னேன். அய்யம்பெருமாளுக்கு வேண்டும். அதை எடுத்துவிட்டால் அவர் வெறும் பெயிண்ட் கடைக்காரர். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். கண் போய்விடுமோ என்று ஒரு பயம், பதவி போய்விடுமோ என்று ஒரு பயம். எது பெரியது என்று அவருக்கே பிடிபடவில்லை.

முகாம் நாளில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கண்ணில் புரை நன்றாக முற்றியிருந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தது. சர்க்கரையாவது ஏறியிருந்தால் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று நினைத்தவருக்கு அதிலும் மண் விழுந்தது. நர்ஸ் வந்து புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். தலைவர் சுரேஷ்குமார் ஓடிவந்து காதோடு சொன்னார்.

"சார், நீங்க எதுக்கு இந்த பஸ்ல? நாளைக்கி நம்ம கார்ல போயிக்கலாம். ஸ்பெசல் ரூம் சொல்லிடுறேன். நீங்க வழக்கம்போல லிஸ்ட்ட மட்டும் பாத்து அனுப்பி வச்சுடுங்க."

அய்யம்பெருமாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளைக்குக் கார் என்றால் நாளைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம். நாளன்றைக்கு அமாவாசை. அப்படியே தீபாவளி வரைக்கும் ஓட்டிவிடலாம். நெற்றியைத் துண்டால் துடைக்கிற மாதிரி பிளாஸ்திரியை மறைத்துக்கொண்டு, பட்டியலோடு பஸ்ஸில் ஏறினார். பட்டியலில் எழுத்தும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. நர்ஸ் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவர் உரக்கக் கூப்பிட்டார். ஆண்டாயி இருக்கேனுங்க என்றாள். முத்தாயி இருக்கேன் என்றாள். இருபத்தேழு பேரும் குரல் கொடுத்தார்கள்.

முன்சீட்டில் இருந்தவள் குரும்பலூர் இருசம்மாள். போன வருடம் வலது கண்ணில் செய்துகொண்டு, இப்போது இடது கண்ணுக்கு வந்திருந்தாள். அந்த வலது கண் சும்மா இருக்குமா? துண்டுக்கு அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டது.

"அய்யா, உங்களுக்கும் ஒட்டியிருக்காங்க போல?"

பஸ் முழுக்கக் கழுத்தை நீட்டியது. அய்யம்பெருமாளால் மறைக்க முடியவில்லை.

"ஆமாம்மா. நான் நாளைக்கி கார்ல வரேன். கொஞ்சம் வேல கெடக்கு."

"எனக்கும் ஆட்டுக்குட்டி கெடந்துச்சு. நீங்கதான் அன்னைக்கி வூட்டு வாசல்ல வந்து நின்னு, கையப் புடிச்சு இழுக்காத கொறயா கூட்டியாந்தீங்க." அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். "வலிக்காதுன்னு சொன்னீங்க. ஊசி போடயில உசிரே போயிட்டு வந்துச்சு. மைக்குக்காரரு நல்லா இருப்பாரான்னு உங்களத்தான் வஞ்சேன். கட்ட அவுத்தப்ப என் பேத்தி மொகம் தெரிஞ்சிது, அப்ப வஞ்சதெல்லாம் மறந்துபோச்சு. நீங்க சொல்லுங்க, நீங்க எப்பவாச்சும் அந்த ஆபரேசன் ரூமுக்குள்ள போயி பாத்திருக்கீங்களா?"

வெளியே சுரேஷ்குமார் பச்சைக்கொடியோடு நின்றார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். இறங்கிப் போக இரண்டே படி. இத்தனை வருடம் எத்தனை பேரின் பயத்தைக் கேலி பண்ணி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. மைக்கு இல்லாமல் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. குரல் கீச்சென்று வந்தது.

"இல்லம்மா. போனதே இல்ல. நான் சொன்னதெல்லாம் கேட்டத சொன்னதுதான். எனக்குப் பயமா இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. இருசம்மாள் பக்கத்தில் வைத்திருந்த துணிப்பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். பக்கத்து இடம் காலியானது.

"எல்லாரு பேரையும் கூப்புட்டீங்க. உங்க பேரக் கூப்புடலியே. உங்க பேரு என்னங்கய்யா?"

"அய்யம்பெருமாள்."

"அய்யம்பெருமாளு இருக்காரா?" என்று அவள் பஸ்ஸைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

அவர் கையிலிருந்த பட்டியலை ஜன்னல் வழியாகத் தலைவரிடம் நீட்டினார்.

"இருக்கேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.