செங்கோடன் மேஸ்திரியின் கோட்டையூர்

ஒரு கல்லைக் கையில் எடுத்துவிட்டால் செங்கோடன் மேஸ்திரி அதைத் திரும்பக் கீழே போடமாட்டார். இடது கையில் ஏந்தி, வலது கைக் கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவி, ஒரே ஒரு முறை புரட்டுவார். சுவரில் எங்கோ அதற்கென்று ஒரு பள்ளம் காத்துக்கொண்டிருக்கும். கல் போய் உட்கார்ந்துவிடும். "எடுத்த கல்ல எறக்குனா அதுக்கு மனசு விட்டுப்போயிருமுங்க" என்பார். கல்லுக்கு ஏது மனசு என்று யாராவது கேட்டால் கோபம் வராது. கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த கல்லுக்குக் குனிந்துவிடுவார்.

ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் வழியில் காப்பித் தோட்டத்து மண்ணைத் தாங்கி நிற்கும் கற்சுவர்களில் பாதி அவர் கைவேலை. சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லின் மேல் கல், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு, வலது காதில் பற்றவைக்காத பீடி ஒன்று. பீடி குடிப்பதை விட்டு ஏழு வருஷமாகிறது. பிறகு அது எதற்கு என்றால், "காது பழகிப்போச்சுங்களே, அத என்ன பண்றது?" என்று நம்மைத் திருப்பிக் கேட்கிறார்.

சுவர் எழும்பியதும் துண்டை உதறிக்கொண்டு கிளம்புகிற ஆள் அல்ல. அதன் முதல் பெருமழையில் எதிரே வந்து நிற்பார், குடையும் பிடிக்காமல். சுவரின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விட்ட துளைகளில் ஒவ்வொன்றாகக் கையை ஏந்திப் பார்ப்பார். தெளிந்த தண்ணீர் விழுந்தால் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடக் காப்பி. கலங்கல் விழுந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை உச்சிவரை பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். நாலைந்து நாள் வேலை. அதற்கு வேறு ஆளை விடவும் மாட்டார்.

ஒரே ஒரு தடவை தவறினார். பதினைந்து வருஷத்துக்கு முன், சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் இரண்டு நாள் தங்கிவிட்டார். அந்த இரண்டு நாளில் மழை கொட்டி, செம்மநத்தத்தில் அவர் அப்போதுதான் கட்டி முடித்திருந்த சுவர் சரிந்தது. வெள்ளையன் என்ற விவசாயியின் பசுவும் கன்றும் அடியில் போய்விட்டன. வெள்ளையன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "திட்டியிருந்தாருன்னா தூங்கியிருப்பேனுங்க" என்று இன்றைக்கும் சொல்கிறார் மேஸ்திரி.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு பொருளைத்தான் எடுப்பதும் வைப்பதுமாக நாலு மாதம் திண்டாடினார். 1986 ஜூனில் பிரான்சிலிருந்து வந்த கடிதம் அது.

எழுதியவர் மிஷேல். அதற்கு இரண்டு வருஷம் முன்பு மலை பார்க்க வந்தவர். மாரமங்கலம் பாதையில் பஸ் பழுதாகி நின்றபோது இறங்கி, செங்கோடன் கல் அடுக்குவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பஸ் சரியாகிக் கிளம்பியது, மனிதர் கிளம்பவில்லை. மூன்று நாள் இருந்தார். இவருக்கு அந்தப் பாஷை தெரியாது, அவருக்கு இந்தப் பாஷை தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவருடைய ஊர் கார்க்கசோன். குன்றின்மேல் மதில் சூழ்ந்த பழைய நகரம். அந்த மதிலைப் பழுதுபார்ப்பதுதான் அவருக்கும் பிழைப்பு.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார். மிஷேல் ஒளிவுமறைவு இல்லாத ஆசாமி. விருந்துக்குக் கூப்பிடுகிறவர் யாரும் எழுதாததையெல்லாம் எழுதியிருந்தார். கோடையில் வந்தால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், சுவரைப் பார்க்க முடியாது, முதுகைத்தான் பார்க்கலாம். தெருவெல்லாம் கல் பாவியது, நனைந்தால் வழுக்கும். காற்று பிடித்தால் நாள் கணக்கில் விடாது. பழசு என்று நீ கும்பிடப்போகிற கோபுரங்களில் பல, நூறு வருஷத்துக்கு முன் புதுப்பித்தவை.

ஆனால் அக்டோபரில் கூட்டம் இறங்கிவிடும். மாலையில் கடைசிப் பஸ்ஸும் போனபின் ஊர் நமக்கே நமக்கு. ஒரு மதிலுக்குள் இன்னொரு மதில், இரண்டுக்கும் நடுவில் புல்தரை; சுற்றி நடக்கலாம். வெயில் சாய்கையில் கல்லெல்லாம் மஞ்சள் பூசிக்கொள்ளும். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: வெளிமதிலில் ஓர் இடத்தைப் பிரிக்கிறோம். எழுநூறு வருஷமாக யாரும் பார்க்காத உட்புறம் இரண்டே வாரம் திறந்திருக்கும், பிறகு மூடிவிடுவோம். வந்து பார். டிக்கெட்டை எங்கள் சங்கம் அனுப்பும்.

"அந்தக் கடைசிய இன்னொருக்கா படிங்க ரைட்டருங்க" என்றார் செங்கோடன். ரைட்டர் ஆறு தடவை படித்தார்.

"சோறு கெடைக்காதுங்க மேஸ்திரி. குளிரு வேற. யோசிச்சுக்குங்க."

"ரொட்டி இருக்குமில்லைங்க? குளிரு நமக்குப் புதுசா?"

"கோடையில கூட்டம் வேற ஏறுமாம்."

"மே மாசம் நம்ம ஏரிக்கரையில கூட்டமில்லைங்களா? ஊரு லட்சணமா இருந்தா நாலு பேரு வரத்தான் செய்வாங்க."

"தெருவெல்லாம் வழுக்குமாமே?"

"அட, நான் போயி கல்லுல வழுக்கி உழுவேனுங்களா?" என்று மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பின் அவர் பாதி இங்கே இருந்தார், பாதி அங்கே. காலையில் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து சில்வர் ஓக் மரங்களை விழுங்கும்போது, கையில் கல்லோடு அப்படியே நின்றுவிடுவார். மூட்டத்துக்குள், கடிதத்தோடு வந்த படத்தில் பார்த்த கூம்புத் தொப்பி போட்ட கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழும். கிழக்கு வாசலில் இரண்டு தடித்த கோபுரங்களுக்கு நடுவே நுழைவார். புல்தரையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். பிரித்துப்போட்ட மதிலுக்கு முன்னால் குந்தி, எழுநூறு வருஷத்துக்கு முந்திய மேஸ்திரி ஒருவன் உள்ளே ஒளித்துவைத்த கல்லைத் தொடுவார். அவன் சின்னக் கல்லை எங்கே செருகினான்? தண்ணீருக்கு எப்படி வழி விட்டான்? யாரும் பார்க்காத இடத்தில் ஏமாற்றினானா, இல்லையா? அது தெரிய வேண்டும் அவருக்கு. அடேயப்பா, அந்த ஆசைக்கு அளவே இல்லை. மூட்டம் கலைந்ததும் காப்பிச் செடிகள் திரும்பி வரும்.

போகாமல் இருப்பதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் கோடையில்தான் மாரமங்கலத்தில் லைன் வீடுகளுக்கு மேலே பன்னிரண்டு அடிச் சுவர் ஒன்றை முடித்திருந்தார். சுவருக்குக் கீழே காப்பி பறிக்கிறவர்களின் பதினோரு குடும்பம். பெருமழை இன்னும் வரவில்லை. செப்டம்பர் பூராவும் வானத்தைப் பார்த்து, "வர்றதுன்னா இப்பவே வந்துரு சாமி" என்று குழந்தையைக் கெஞ்சுவதுபோலக் கெஞ்சினார். வந்ததெல்லாம் தூறல்.

மனைவி ராசம்மாளுக்கு எல்லாம் தெரியும். "ஏனுங்க, செம்மநத்தத்துக்குப் பொறவு உங்க செவுரு என்னைக்குங்க கலங்கல் உட்டுது? பேசாம போயிட்டு வாங்க" என்று பெட்டியை அடுக்கினாள்.

அக்டோபர் பன்னிரண்டு, காலை. எட்டரை பஸ்ஸை விட்டால் மெட்ராஸில் விமானம் போய்விடும். புதுச் சட்டையும் வேட்டியுமாகச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வந்த செங்கோடன் திகைத்து நின்றார். லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் இடுப்பில் குடத்தோடு மேலேயும் கீழேயும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். விடியலிலிருந்தே காப்பிப்பழம் கழுவும் தொட்டியில் மொண்டு மொண்டு சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணில் ஊற்றுகிறார்களாம். இருநூறு குடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம்.

"மழ வரலீன்னா என்னங்க மேஸ்திரி? நாங்க கொண்டாந்துட்டோம். பாத்துப்போட்டு நிம்மதியாப் போங்க" என்றாள் சின்னத்தாயி, நனைந்த சேலையைப் பிழிந்தபடி. எல்லாரும் சிரித்தார்கள். செங்கோடனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தை மறைக்கக் குனிந்து முதல் துளையில் கையை ஏந்தினார்.

தெளிவு. இரண்டாவது தெளிவு. மூன்று, நாலு, ஐந்து, ஆறு எல்லாம் குடிக்கலாம் போல இருந்தது. ஏழாவதில் விழுந்த தண்ணீரைச் சற்று அதிக நேரம் வைத்துப் பார்த்தார். கீழே விட்டார். மறுபடி ஏந்தினார். டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு டீ விழுந்தாற்போல ஒரு நிறம். மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர்.

"நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றாள் சின்னத்தாயி. "பஸ்ஸு வந்துருச்சுங்க, கெளம்புங்க."

வளைவில் ஹாரன் அடித்தது. வழியனுப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்த ராசம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். செங்கோடன் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை நாலாக மடித்து அவள் கையிலிருந்த பெட்டியின்மேல் வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, ஏழாவது துளைக்கு நேராக உச்சிக்கல்லை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார்.