நூற்றி இருபத்தாறு ஈயச் சிப்பாய்களுக்கு நான் கண் திறந்தது

நானுஓயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் முகப்பைக் கட்டியது நான். கொத்தனார் பாதியில் காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டார். கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையிலேயே முகப்பை நிறுத்தி வர்ணம் அடித்தேன். மூன்று மழைக்காலம் நின்றது. நாலாவதில் விழுந்தது, ஆனாலும் நேராகத்தான் விழுந்தது. தொழிலாளர் குடியிருக்கிற மேல் லயத்துக்கு மூங்கிலைப் பிளந்து பீலித் தண்ணீர் கொண்டுவந்தது நான். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டது நான். காமன் கூத்துக்கு ரதிக்குத் தகரத்தில் கிரீடம் வெட்டியதும் நான்தான். அதைத் தலையில் வைத்து ஆடியவன் இரண்டு நாள் கழுத்தைத் திருப்பவில்லை, அவ்வளவு கனமான வேலை. இத்தனையும் செய்தவன் இரண்டாம் வகுப்பில் பாதிதான் படித்தான். மற்றப் பாதிக்கு வாத்தியாரே வரவில்லை.

இதெல்லாம் சின்ன வேலை. நான் உண்டாக்கியதில் பெரியது ஒரு பட்டாளம். நூற்றி இருபத்தாறு சிப்பாய், பதினெட்டுக் குதிரை, இரண்டு பீரங்கி. சிப்பாய் ஒவ்வொருவனும் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் குட்டை.

முப்பதுகளில் நடந்த கதை இது. அப்போது நான் தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு மார்க் அடிக்கிறவன். தகரத்தில் எழுத்து வெட்டியிருக்கும். அதைப் பெட்டிமேல் வைத்துக் கறுப்பு மையைத் தடவினால் தோட்டத்துப் பேர் விழும். நாள் முழுக்க அதுதான் வேலை. லயத்தில் எனக்குப் பேர் மைக்காரன். கங்காணி வந்தால் எழுந்து நிற்கிறவர்கள், மைக்காரன் வந்தால் நகர்ந்து உட்காரக்கூட மாட்டார்கள். அது எனக்குக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் தகரம் கிழிந்துபோயிற்று. புதுத் தகரம் வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் அத்தனை எழுத்தையும் கையாலேயே போட்டேன். இங்கிலீஷ் எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது, வரையத் தெரியும். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை வந்து பெட்டிகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுநாள் பங்களாவுக்கு வரச் சொன்னார்.

பங்களாவில் ஒரு பெரிய மேசை. மேசைமேல் பச்சைத்துணி, துணிமேல் பாசியும் கூழாங்கல்லும் வைத்து மலை, ஆறு எல்லாம் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் ராகலைப் பக்கத்திலிருந்து இன்னொரு துரை தன் ஈயச் சிப்பாய்களோடு வருவார். இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று சண்டை போடுவார்கள். சின்னப் பீரங்கிக்குள் ஸ்பிரிங் இருக்கும், குச்சியைப் போட்டு இழுத்துவிட்டால் பறக்கும். விழுந்த சிப்பாய் செத்தவன். குச்சி மேசைக்கு அடியில் போய்விட்டால் இரண்டு பெரிய மனிதரும் குப்புறப் படுத்துத் தேடுவார்கள். பங்களாவில் சமைக்கிற சிங்கள அப்பு தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் காலைத் தாண்டித் தாண்டிப் போவார், முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது.

இதிலே ஒரு போட்டியும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை நுவரெலியாவில் துரைமார் கிளப்பில் எல்லோரும் தங்கள் பட்டாளத்தைப் பரப்பி வைப்பார்கள். பட்டாளத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் வந்து பார்த்து, நல்ல வர்ணம் அடித்த பட்டாளத்துக்கு வெள்ளிக் கப்புக் கொடுப்பார்.

"மூணு வருஷம் ராகலைக்கே போகுது," என்றார் துரை. அவர் தமிழ் அப்படித்தான், ஆனால் புரியும். "நீ வர்ணம் அடிக்கிறது. கப்பு வந்தா உனக்கு என்ன வேணும்?"

நான் யோசிக்கவே இல்லை. "அந்தத் தொரைமாருங்க முன்னால என்னையக் காட்டி, இவன்தான் பெயிண்டர்னு ஒரு வார்த்தை சொல்லணுங்க."

"அவ்வளவுதானா? சொல்றது. கப்பு வரலேன்னா?"

"வரலேன்னா கான் வெட்டப் போறேங்க."

"நல்லது. தோட்டத்துல கான் நிறைய இருக்கு," என்றார். அட்டை கடிக்கக் கடிக்கத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டுகிற வேலையை நான் முன்னே இரண்டு வருஷம் பார்த்தவன். அதனால்தான் துணிந்து சொன்னேன், திரும்பிப் போகவே கூடாது என்று.

முதல் பத்துச் சிப்பாய்களைப் பெட்டிக்கு அடிக்கிற மாதிரியே அடித்தேன். தோசை மாவுப் பதத்தில் வர்ணம். காய்ந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். துரை ஒருவனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூஞ்சி எங்கே?"

"உள்ள இருக்குதுங்க."

"மூக்கு?"

"அதுவும் உள்ளதாங்க இருக்குது."

பத்தையும் சுரண்டி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. அப்புறம்தான் டர்பன்டைன் விட்டுத் தண்ணியாக்கி, ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு என்று போகவேண்டும் எனக் கண்டுபிடித்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதை எழுதும்போதும் சொல்கிறேன், யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்தது தூரிகை. பொத்தான் கடுகு அளவு. ஸ்டோர்த் தூரிகை விளக்குமாறு அளவு. ஆட்டு மயிர் விறைத்து நின்றது, பூனை மயிர் சுருண்டது, என் சம்சாரத்தின் முடி நீளம்தான், ஆனால் வழவழவென்று வர்ணத்தைப் பிடிக்காது. கடைசியில் துரையின் நாய். வெள்ளை நாய், தொங்கு காது, காது நுனி மயிர் பட்டு மாதிரி. தினம் நாலு மயிர் எடுத்தேன். ஒரு மாதத்தில் வலது காது மொட்டையாயிற்று. அப்பு அதைச் சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினார். எண்ணெய் மயிரில் வர்ணம் ஒட்டவில்லை, அதனால் நான் இடது காதுக்கு மாறிக்கொண்டேன்.

ஒரு நாள் அப்பு என் தூரிகையை எடுத்து மோந்து பார்த்தார்.

"தம்பி, உன்னைக் கண்டா இந்த நாய் ஏன் மேசைக்கடியில போகுதுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

"தொரைகிட்ட சொல்லாதீங்க அண்ணே."

"சொல்ல மாட்டேன். வால்ல மட்டும் கை வைக்காதே. வாலைத் தொரை தினம் பாக்கிறார்."

கையில் பிடித்தால் பூசிய வர்ணம் விரலில் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் வழி கண்டேன். உருளைக்கிழங்கைக் கீறி அதில் சிப்பாயின் அடித்தகட்டைச் செருகினேன். கிழங்கைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பு மேட்டில் வரிசையாகக் கிழங்கு, ஒவ்வொரு கிழங்கின்மேலும் ஒரு வீரன். ஒரு சாயங்காலம் சம்சாரம் மலையிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டு வந்து இருட்டிலே அவசரமாகக் குழம்பு வைத்தாள். கரண்டியை விட்டுக் கிளறியவள் நின்றாள்.

"ஏங்க, உங்க ஆளு ஒருத்தர் குழம்புல குளிக்கிறாரு."

"எந்த ஆளு?"

"குதிரை இல்லாத ஆளு."

ஈயம் விழுந்த குழம்பென்று அதைக் கீழே ஊற்றிவிட்டு அன்றைக்கு ரொட்டியும் சம்பலும் தின்றோம். ஆனால் ஒன்று கேளுங்கள். கொதிக்கிற குழம்பிலும் என் வர்ணம் போகவில்லை. கொஞ்சம் மஞ்சள் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அவனைக் கொடி பிடிக்கிறவனாகப் போட்டேன்.

முகத்து நிறத்துக்கு எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர்தான். துரையைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். தொப்பிக்குக் கீழே நெற்றி வெள்ளை, கன்னம் செம்மண், மூக்கு மிளகாய்ப்பழம். நூற்றி இருபத்தாறு பேருக்கும் அதே மூக்கு.

"மூக்கு ஏன் சிவப்பு?" என்றார் துரை.

"குளிருக்குங்க."

துரை தன் மூக்கைத் தடவிக்கொண்டு, "சரி, இங்கே குளிர்தான்," என்று போய்விட்டார்.

காற்சட்டை மடிப்பில் நிழல் விழவேண்டும் என்று தேயிலைத் தூளைக் கெட்டியாக வற்றக் காய்ச்சிப் பிசின் கலந்து மடிப்பில் ஓடவிட்டேன். பள்ளத்தில் போய்த் தங்கியது, மேட்டிலே துடைத்துவிட்டேன். அசல் துணி மாதிரி ஆயிற்று. எங்கள் தோட்டத்துத் தேயிலையில் கிடைத்த நல்ல சாயம் லண்டன்காரன் கோப்பைக்குப் போனதைவிட இதற்குத்தான் பொருத்தம்.

எல்லாம் முடிந்தது, கண்ணைத் தவிர. கண்ணை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். முன்னே எங்கள் அம்மன் சிலைக்கு இந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதி கண்ணைக் கடைசியாகத்தான் திறந்தார். நல்ல நேரம் பார்த்து, முதல் பார்வை மனிதன்மேல் விழாதபடி எதிரே கண்ணாடி காட்டினார். கீழ் ஊர்ப் புத்த கோயிலான பன்சலையில் சிங்களச் சித்திரக்காரரையும் பார்த்திருக்கிறேன். அவர் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தோளுக்கு மேலே கையை விட்டுக் கண் வரைவார். இது சாமிக்கு. நம்மிடம் இருப்பதோ துப்பாக்கி வைத்த நூற்றி இருபத்தாறு பேர். முதல் பார்வை என்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். ஆகவே இரண்டு முறையையும் சேர்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை துரை வந்து பார்த்தார். "எல்லாரும் குருடு."

"நாளைக்குப் பார்ப்பாங்க தொரை."

"சனிக்கிழமை கிளப்பு."

"வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னாலேயே முடிச்சிருவேங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, விளக்கேற்றி உட்கார்ந்தேன். சம்சாரம் வயிற்றுவலி என்று வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குப் போகாமல் கண்ணாடியைப் பிடித்தாள். நான் சிப்பாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடிக்குள் பார்த்துத் தோளுக்கு மேலே கையை விட்டுப் புள்ளி வைத்தேன். நாய் மயிர் மூன்றே மூன்று கட்டிய தூரிகை. ஒரு புள்ளிகூட கன்னத்தில் விழவில்லை. இலங்கையில் வேறு யாராவது இத்தனை சின்னக் கண்ணுக்கு இப்படிச் செய்திருந்தால் வரச்சொல்லுங்கள், பார்ப்போம்.

"கை கடுக்குதுங்க."

"இன்னும் நாப்பது பேருதான். ஆட்டாம பிடி."

"அம்மனுக்கு ரெண்டு கண்ணோட முடிஞ்சுச்சு. உங்களுக்கு வாக்கப்பட்டு நான் எத்தனை கண்ணுக்குக் கண்ணாடி பிடிக்கிறது?"

பத்தரைக்கு ராகு காலம். பத்தேகாலுக்கு முடித்தேன். திரும்பிப் பார்த்தேன். சம்சாரமும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இவங்க எல்லாரும் யாரைப் பாக்கிறாங்க?"

அத்தனை பேரும் தலையை நேரே வைத்துக்கொண்டு, கருவிழியை மட்டும் வலது கைப்பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பதைக் கை மறந்துவிட்டது.

"பக்கத்துக் காம்பராவுல சண்டை நடந்தா நம்ம லயத்துச் சனம் பாக்குமே, அதே பார்வை," என்றாள்.

அழித்துப் போடலாமே என்பீர்கள். திறந்த கண்ணை அழிக்கக் கூடாது. அதோடு ராகு காலம் தொடங்கிவிட்டது. பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கி மூடினேன். அட்டைகளும் கானும் என் கண்முன்னே வந்தன.

சனிக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு துரையின் காரில் நுவரெலியா போனேன். கிளப்புக்குள் நம்மவர்கள் போகக்கூடாது. பின்வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். கிளப்புப் பட்லர் திருச்சிப் பக்கத்துத் தமிழர். அவரும் என்னோடு நின்று உள்ளே பேசுவதைத் தமிழில் சொன்னார்.

துரை பெட்டியைத் திறந்து வரிசையாக நிறுத்தினார். நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் மூக்கு வெள்ளையானதை அன்றைக்குத்தான் நான் கண்டேன். ராகலைத் துரை குனிந்து பார்த்துச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பட்லர் தமிழ் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

அப்போது கர்னல் கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வாசல், பட்டாளத்துக்கு வலது கைப்பக்கம். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். நூற்றி இருபத்தாறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் தடியை நாற்காலியில் சாத்தினார், முதுகை நிமிர்த்தினார், கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தார். வைத்த கையை இறக்கவில்லை.

"பட்டாளத்துல பெரிய ஆபீசர் வந்தா எல்லாச் சிப்பாயும் அவரு பக்கம் கண்ணைத் திருப்பணும், அதுதான் மரியாதையாம்," என்றார் பட்லர் மெதுவாக. "இத்தனை வருஷத்துல ஒரு பட்டாளமாவது தனக்கு மரியாதை செஞ்சுச்சேன்னு சொல்றாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு பாருங்க."

ராகலைப் பட்டாளம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கப்பு எங்களுக்கு. கர்னல் கிழவர் ஒரு சிப்பாயின் மூக்கைக் காட்டி, தன் மூக்கையும் காட்டி, ஏதோ கேட்டார். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாரானேன்.

"இந்த வேலை யாருதுன்னு கேக்கிறாரு," என்றார் பட்லர்.

"தொரை என்ன சொல்றாரு?"

"ஆறு மாசம் தன் கையாலேயே செஞ்சாராம். அந்தக் கண்ணு மட்டும் ரொம்ப நாள் யோசிச்சு வெச்சதாம்."

நான் ஜன்னலண்டை இருமினேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. துரை என்னைப் பார்த்தார். உடனே கருவிழியை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

திரும்பி வரும்போது கப்பு என் மடியில் இருந்தது.

"தொரை, அந்த ஒரு வார்த்தை..."

"மறந்து போச்சு. அடுத்த வருஷம் சொல்றது."

அடுத்த வருஷத்துக்குள் அவர் சீமைக்குப் போய்விட்டார். கப்பு கிளப்புக்கே திரும்பிப் போயிற்று. பின்னால் வந்த துரைக்குத் தெரிந்த விளையாட்டு டென்னிஸ் ஒன்றுதான். லயத்தில் நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. "மைக்காரனுக்கு வெள்ளைக்காரன் சலாம் வெச்சானாம்" என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சிரித்தார்கள்.

போன மாதம் நுவரெலியா போனபோது கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன், இப்போது விடுகிறார்கள். கண்ணாடி அலமாரியில் கப்பு இருக்கிறது. அதில் வெட்டியிருந்த பேர்களைப் படித்தவர் ஒருவரை வாசிக்கச் சொன்னேன். எங்கள் வருஷத்துக்குத் துரையின் பேர் மட்டும்தான். என் சம்சாரம், கண்ணாடி பிடித்தவள் பேரும் வேண்டும் என்கிறாள். அதை நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

கிளப்பை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். துரையின் பேரை எடுக்கச் சொல்லவில்லை, சிப்பாய்களை அவர்தான் வாங்கினார். அதற்குக் கீழே என் பேரை வெட்டி, பக்கத்தில் பெயிண்டர் என்று போடவேண்டும். இடம் இல்லை என்று சொல்லவேண்டாம், விரலால் அளந்துவிட்டுத்தான் வந்தேன். வெட்ட ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், நானே வந்து வெட்டுகிறேன். கை இன்னும் ஆடவில்லை.