உண்டா என்று கேட்க வந்தவர்கள்

ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் என்னைச் சேர்க்க என் நண்பன் தன் பெயரைப் பணயம் வைத்திருந்தான். கப்பல் ஏஜெண்டு, இந்த ஊரில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நண்பன். மற்றவர்களை என் நகைச்சுவை விரட்டிவிட்டது. அவன் முன்மொழிந்த முதல் ஆள் நான். நான் சொதப்பினால் தலைகுனிவு அவனுக்கு.

செய்தி கேட்டு, இரும்புக்கடை வைத்திருக்கும் என் மைத்துனன் ஓடி வந்தான். அந்தச் சங்கத்தைப் பற்றி நிறைய வீடியோ பார்த்திருந்தான்.

“அத்தான், டாலர் நோட்டுல கண்ணு போட்டது அவனுவதான். உலகமே அவனுவ கையில.”

“ஏலே, உலகத்தை ஆளுதவன் என்னை எதுக்குலே கூப்பிடுதான்?”

“அதான் எனக்கும் புரியல” என்றான், என்னை மேலும் கீழும் பார்த்து.

கடவுள் உண்டென்று நம்பினால் போதும், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள், உள்ளே மதமும் அரசியலும் பேசக்கூடாது என்று நண்பன் சொன்னதைச் சொன்னேன். மைத்துனனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“எந்தச் சாமின்னு கேக்க மாட்டானுவளா? எந்த ஊரு, யாரு மவன்னு?”

“மாட்டாங்க.”

“அப்பம் கண்டிப்பா என்னமோ இருக்கு, அத்தான்.”

வாடகைக்கு வீடு கேட்டாலே குலதெய்வம் வரை விசாரிக்கிற ஊர் இது. அவன் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் என்னை விசாரிக்க வீட்டுக்கு வந்தார்கள்: ஓர் உப்பளக்காரர், ஒரு கண் டாக்டர், ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி. உலகை ஆளும் களை ஒருவரிடமும் இல்லை. டாக்டர் சர்க்கரை போடாத டீ கேட்டார். நான் சேர்வதில் சம்மதமா என்று என் மனைவியிடம் கேட்டார்கள். “கூட்டம் நடக்குத அன்னைக்கு சாயங்காலம் இவுக வீட்ல இருக்க மாட்டாவ, அப்படித்தான?” என்று உறுதி செய்துகொண்டு சந்தோஷமாகச் சம்மதித்தாள்.

பிறகு உப்பளக்காரர் என் பக்கம் திரும்பினார். “நமக்கு மேல ஒரு சக்தி உண்டுன்னு நம்புதியளா?”

ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் நான் சரக்குச் சேதம் மதிப்பிடுகிறவன். மூட்டையை நனைத்தது கடல்நீரா மழைநீரா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. குலசைக் கோயில் தசராக் கூட்டத்துக்குள் நின்றால் உண்டு என்பேன். மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால் சந்தேகம் வந்துவிடும்.

“சில நாள் உண்டுன்னு தோணுது. சில நாள் இல்ல.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னைக்கு எப்படி?” என்றார் டாக்டர், நோயாளியிடம் கேட்பது போல.

யோசித்தேன். “தெரியலயே.”

மிச்ச டீயைக் குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பினார்கள். சேர்க்க முடியாது என்று பிறகு தகவல் வந்தது. மைத்துனன் நம்பவில்லை. “வெளிய சேரலன்னு சொல்லத்தான சொல்லிக்கொடுப்பானுவ” என்றவன், அன்றிலிருந்து என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான்.

நண்பன்தான் பேசவில்லை. துறைமுக வாசல் டீக்கடையில் ஒருநாள் அவனை மடக்கினேன்.

“நான் பொய் சொல்லி உள்ள வந்திருந்தா உமக்குத்தானவே அசிங்கம்?”

“என்னைக் கேட்டப்ப மட்டும் நான் தெரிஞ்சா ஆமான்னேன்? சொன்னேன். சொன்ன பொறவுதான் நம்ப ஆரம்பிச்சேன். இப்பம் நெசமாவே நம்புதேன். உமக்கு ஒரு வார்த்தை வாயில வரல.”

நேர்மையாக இருந்தேனா, வெறும் பயமா? சொன்ன பிறகு வருவதும் நம்பிக்கைதானா?

“அப்பம் நான் என்னவே சொல்லிருக்கணும்?” என்றேன்.

அவன் டீயை ஊதிக்கொண்டே பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தான். எனக்கு இடம் விட்டானா, வெயிலுக்கு ஒதுங்கினானா என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.