மீன் குழம்பும் என் வலது காலும்

இதைப் படிக்கிற அன்பர்களில் பலர் பிறந்ததிலிருந்தே புலால் தொடாதவர்களாக இருப்பீர்கள். நான் அப்படி இல்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவன். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. இன்றைக்கும் அதுதான் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு தெரிந்து யாரும் வருத்தப்பட வேண்டாம்.

என் கஷ்டம் வலது கால் கட்டைவிரலில் ஆரம்பித்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆனி மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வந்த முதல் வாரம். இரண்டு மாதம் கருவாட்டிலேயே காலம் தள்ளிய வீட்டில் அந்த வாரம் மூன்று வேளையும் மீன். மத்தி, இறால், நண்டு, எதையும் விடவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் எழுந்து காலைத் தரையில் வைத்தேன். கத்திவிட்டேன். விரல் தக்காளிப் பழம் போல வீங்கிச் சிவந்திருந்தது. போர்வை நுனி பட்டாலும் உயிர் போய் உயிர் வந்தது.

என் மனைவி கலா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"எதனா முள்ளு ஏறியிருக்கும் மாமா. மஞ்சப் பத்து போட்டா போயிடும்" என்றாள்.

ஒரு வாரத்தில் போனது. இருபது நாளில் திரும்பி வந்தது. இந்த முறை கணுக்காலும் சேர்ந்து வீங்கியது.

ஏலம் விடுகிறவன் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் உட்கார்ந்தால் வேலை நடக்காது. கூறு கூறாகப் பிரித்துக் குவித்த மீனைச் சுற்றி இருபது முப்பது பேர் நிற்பார்கள். ஒரு அம்மா கண்ணாலேயே விலை ஏற்றும். ஒரு வியாபாரி தாடையை மட்டும் அசைப்பார். நின்றால்தான் எல்லா முகமும் தெரியும். கால் வலிக்கிறது என்று நான் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் லுங்கியும் சேலையும்தான். பின்னால் நின்று கேட்ட ஒரு அம்மாவைக் கவனிக்காமல் வேறொருவருக்குக் கூறை முடித்துவிட்டேன். அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

அன்று மாலை சேகர் வீட்டுக்கு வந்தான். கலாவின் தம்பி, சொந்தப் படகு வைத்திருப்பவன்.

"மச்சான், நான் சொல்றன்னு கோச்சிக்காத. போட்டுக்காரங்க பேசிக்கிறாங்க. ஒனக்குக் கால் சரியாவுற வரைக்கும் வேற ஆள வச்சிப் பாக்கலாம்னு."

சரியாகிற வரைக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன்.

சிதம்பரத்தில் என் அக்கா இருக்கிறாள். அவள் சொன்ன டாக்டரிடம் ஆடி மாதம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் மிகவும் ஜாஸ்தி என்றார் டாக்டர். கிட்னியும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம்.

"மாத்திரை தரேன். ஆனா மாத்திரை பாதி, சாப்பாடு பாதி. மீன், இறால், நண்டு, ஆட்டுக்கறி, பீர், எல்லாத்தையும் நிறுத்துங்க. காய்கறி சாப்பாட்டுக்கு மாறுங்க. இப்படியே விட்டா கிட்னி தாங்காது" என்றார்.

எனக்குப் பீர் பழக்கம் கிடையாது. அதனால் அதை மட்டும் அன்றைக்கே விட்டேன். மற்றதுக்குக் கொஞ்ச நாள் ஆனது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் முடிந்ததும் படகுக்காரர் ஒரு கை மீன் அள்ளி ஏலம் விட்டவனுக்குக் கொடுப்பார். குழம்பு மீன் என்று அதற்குப் பெயர். அது கூலியில் சேராது, மரியாதை. வேண்டாம் என்று சொன்னால், உன் படகு மீன் எனக்கு ஆகாது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. ஆகவே நான் மீனை விட்டாலும் மீன் தினமும் என் பையில் ஏறி வீட்டுக்கு வந்தது. கலா குழம்பு வைத்தாள். அவளும் என் மகளும் துண்டுகளைச் சாப்பிட்டார்கள். எனக்குக் குழம்பை மட்டும் ஊற்றுவாள். துண்டு தப்பி விழுந்தாலும் கரண்டியால் எடுத்துவிடுவாள்.

இதில் தப்பு இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. துண்டு இல்லை என்றால் அது வெறும் புளிக்குழம்புதானே? கையில் முள் தட்டாதவரை அது மீன் இல்லை என்பதுதான் எங்கள் பக்கத்து நியாயம். துறைமுகத்தில் எல்லோரிடமும் நான் சைவம் ஆகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். "ஏலக்காரரு சாமியாராயிட்டாரு" என்று கேலி செய்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் அப்படி இருந்தேன். அதில் மூன்று தடவை கால் வீங்கியது. ஐப்பசியில் மறுபடி சிதம்பரம் போனேன். யூரிக் ஆசிட் முன்னை விட ஏறியிருந்தது.

"நான் சொன்னத நீங்க கேக்கல" என்றார் டாக்டர்.

"கேட்டேன் சார். மூணு மாசமா ஒரு துண்டு தொடல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. மருந்துச்சீட்டை எழுதினார்.

எங்கள் தெருவில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறார். போகும்போது நடந்து போவார், வரும்போது ஆட்டோவில் படுத்து வருவார். எனக்கு அவர் ஞாபகமாகவே இருந்தது. பிடித்ததை விட்டேன், மாத்திரை சாப்பிட்டேன், ஊர் கேலி செய்தும் பொறுத்துக்கொண்டேன், இன்னும் என்னதான் செய்ய வேண்டும் என்று சாமி மேல் கோபம் வந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், ஒரு வாழைப்பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். பழக்காரர் ஒரு பழத்தை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றைக்கு நல்ல மழை. கடலூருக்கு நேர் பஸ் வரவில்லை. வடலூர் போய் மாறிக்கொள்ளலாம் என்று ஒரு பஸ்ஸில் ஏறினேன். வடலூரில் இறங்கியபோது மழை விட்டிருந்தது, ஆனால் அடுத்த பஸ் வரும்வரை நிற்கக் காலில் தெம்பு இல்லை. "சபைப் பக்கம் போனீங்கன்னா ஒக்கார எடம் இருக்கும், சோறும் போடுவாங்க" என்று ஒரு ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டார். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தைப்பூசத்துக்கு வடலூர் போயிருக்கிறேன். அதுவும் கடை பார்க்க.

ஜோதி தரிசனம் நடக்கிற சபை அது. வாசலில் இருந்த பலகையைப் படித்தேன். உயிர்க்கொலையும் புலாலும் விட்டவர்கள்தான் உள்ளே வரலாம் என்று இருந்தது. நாம்தான் விட்டாயிற்றே என்று காலை எடுத்தேன். எடுத்த கால் நின்றுவிட்டது. காலையில் பழைய சோற்றுக்கு முந்தின நாள் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன். கையை முகர்ந்து பார்த்தேன். அத்தனை மழையிலும் வாசனை போகவில்லை. இது கணக்கில் வருமா வராதா என்று தெரியவில்லை. வெளியிலேயே நின்றேன். நின்றபடியே வேண்டிக்கொண்டேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

"சாமி, பெருசா ஒண்ணும் கேக்கல. நான் நின்னு ஏலம் வுடணும். இன்னா தப்பு பண்றேன்னு எனக்குத் தெரியல. யாரையாவது வுட்டுச் சொல்லு."

பிறகு பசித்தது. நொண்டிக்கொண்டே தருமச்சாலைக்குப் போனேன். அங்கே எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்பதில்லை. பந்தியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். ரசம் வாளியோடு ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். குறிஞ்சிப்பாடியிலிருந்து சேவைக்கு வருகிறவர் என்று பிறகு தெரிந்தது.

"கால மடக்காதீங்க, அப்படியே சாப்புடுங்க. இன்னா ஆச்சுண்ணே காலுக்கு?"

சொன்னேன். டாக்டர் நம்பாததையும் சேர்த்துச் சொன்னேன்.

"மீனு, கறி எல்லாத்தையும் வுட்டு மூணு மாசம் ஆவுதும்மா. கொழம்பு மட்டும்தான் ஊத்திக்கிறேன்."

கரண்டி நின்றது. "இன்னா கொழம்பு?"

"மீன் கொழம்பு. துண்டு இல்லாம."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, சோறு வடிச்ச கஞ்சிய எதுக்குக் குடிக்கிறோம்? சத்தெல்லாம் அதுல எறங்கிடுதுன்னுதான? அரிசிக்கு ஒரு நாயம், மீனுக்கு ஒரு நாயமா? வெந்த மீன்ல இருந்தது வேற எங்க போவும்?"

"ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டு ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நான் வேண்டிக்கொண்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. யாரையாவது விட்டுச் சொல்லு என்றேன். சாமி சொல்லிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். "யூரிக் ஆசிட்ட ஏத்துற சத்து தண்ணியில கரையிறதுங்க. துண்டுல இருந்து குழம்புல எறங்கிடும். துண்ட விட்டுட்டுக் குழம்ப ஊத்திக்கிட்டா எப்படிங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை.

கலாவிடம் சொன்னபோது அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இத்தினி நாளும் ஒன் கால நான்தான் கெடுத்தனா மாமா?"

"ஊத்தச் சொன்னவன் நான்தான" என்றேன். அவள் அழுகை அடங்க நேரமானது. மீன் குழம்பு வைக்கிற சட்டியை அன்றைக்கே கழுவி அவள் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

இனி தீர்க்க வேண்டியது படகுக்காரர்கள் கொடுக்கிற அந்தக் குழம்பு மீன் ஒன்றுதான். சேகரைத் துறைமுகத்தில் தனியாகக் கூப்பிட்டு, இனி எனக்கு வேண்டாம் என்றேன். அவன் முகம் சுருங்கியது. நடந்ததைச் சொன்னேன். யோசித்தான்.

"வாணாம்னு சொல்லாத மச்சான், மத்தவங்க தப்பா நெனப்பாங்க. குடுக்கறத வாங்கிக்க. அப்பறம் எங்கிட்ட குடுத்துடு. ஒன் தங்கச்சி சமைக்கட்டும்."

தங்கச்சி என்றது அவன் மனைவியை. இன்று வரை அப்படித்தான் நடக்கிறது. எல்லோரும் பார்க்க என் கைக்கு வருகிற மீன், சந்து திரும்பியதும் சேகர் கைக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கலாவும் மகளும் அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

எனக்குக் கீரை, புடலங்காய், முருங்கைக்காய், வத்தக்குழம்பு, மோர். சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் மாதம் பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் வீட்டு வாசல் வரை போய், செருப்பைக் கழற்றிவிட்டேன். பிறகு மாட்டிக்கொண்டு திரும்பினேன். சாப்பாட்டில் கை வைக்கும் முன்னால், இந்த ஒரு வேளை மட்டும் காப்பாற்று என்று வேண்டிக்கொள்வேன். மூன்று வேளைக்கு மூன்று தடவை. மாத்திரையை நிறுத்தவில்லை. அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தை மாதம் ரத்தம் எடுத்தபோது யூரிக் ஆசிட் சரியான அளவுக்கு வந்திருந்தது. கிட்னியும் மேற்கொண்டு கெடவில்லை. டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார். "குழம்பு?" என்று கேட்டார். "வத்தக்குழம்பு சார்" என்றேன். சிரித்துவிட்டார். அதற்குள் ஐஸ் பெட்டியில் உட்காருவதை விட்டிருந்தேன். அதன் பிறகு வேறு ஆள் பற்றிச் சேகர் பேசவில்லை.

மாசி மாதப் பூசத்தன்று கலாவையும் கூட்டிக்கொண்டு நன்றி சொல்ல வடலூர் போனேன். மாலை நேரம். அதே வாசல், அதே பலகை. ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்த ஒரு அன்பர் நான் தயங்குவதைப் பார்த்தார்.

"புலால் சாப்புடறத வுட்டாச்சுங்களா? அப்ப உள்ள வாங்க" என்றார்.

"நீ போய்ட்டு வா மாமா. நான் நேத்துதான் தம்பி வூட்ல சாப்ட்டேன். இங்கியே நிக்கிறேன்" என்றாள் கலா.

சாப்பிடுவதை விட்டேன், உண்மைதான். ஆனால் அன்று காலையில்தான் தொண்டை கட்டக் கட்ட ஒரு படகு சங்கரா மீனை விற்றுவிட்டு வந்திருந்தேன். விற்பதை விட்டால் என் வீடு என்னாகும் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நிற்கிறவரிடம் இதைச் சொல்லாமல் போகலாம். உள்ளே இருப்பவரிடம் எப்படி மறைப்பது? அந்த மீன்களின் கொலைக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அதையும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நானும் இங்கியே நிக்கிறேன்" என்று கலாவிடம் சொன்னேன். அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

சபைக்குள் தொங்கிய திரைகள் ஒவ்வொன்றாக விலகின. ஜோதி தெரிந்தது. வெளியில் நின்ற எங்களுக்கும் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று நினைவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்று கலா பிறகு சொன்னாள். அதன் பிறகுதான் காலைக் குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் சமமாக நின்றுகொண்டிருந்தேன். வலது கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. நான் கேட்டது நிற்கத்தான்.

அன்பர்களே, உங்களுக்கும் உடம்பில் ஒரு தொல்லை இருக்கலாம். மருந்தை விடாதீர்கள். சரி செய்து கொடு என்று மட்டும் கேட்காமல், நான் என்ன தப்பு செய்கிறேன் என்றும் கேளுங்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் பதில் சொன்னால் கோபப்படாதீர்கள். உள்ளே வருவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடவும் வேண்டாம். மாதப் பூசத்தன்று வடலூர் வாருங்கள். பலகைக்கு இந்தப் பக்கம்தான் நானும் கலாவும் நின்றுகொண்டிருப்போம். பக்கத்தில் இடம் இருக்கிறது.