மூன்று தேத்தண்ணி, ஒரு வோட்டு

லோன்றி அறைக்கு உடுப்போடு வந்தவர்கள், மெஷின் சுற்றி முடியும்வரை இதை வாசியுங்கள்.

இன்று காலை இங்கிலாந்திலிருந்து அக்கா போன் எடுத்தார். நேற்று அங்கே கவுண்டி கவுன்சில் தேர்தல். கொமன்வெல்த் நாட்டவர் என்பதால், போய் இரண்டு வருடத்திலேயே அவருக்கு வோட்டு வந்துவிட்டது. இங்கே, கடலுக்கு இந்தப் பக்கம் மல்வேர்னில், அகதிக் கோரிக்கை கொடுத்த எனக்கோ விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதம்கூட இன்னும் வரவில்லை.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"மூண்டு பேருக்கும்."

போட்டியிட்டதே மூன்று பேர்தான். மூவரும் வெவ்வேறு நாட்களில் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அக்கா ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணியும் கட்லெட்டும் கொடுத்து, "ஓம், உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஐயோ அக்கா, மூண்டு புள்ளடி போட்டா அந்தச் சீட்டு செல்லாது!"

"தெரியும். ஒராளுக்குப் போட்டா மற்ற ரெண்டு பேருக்கும் பொய் சொன்னதாப் போயிடுமெல்லே?"

அக்கா தொடர்ந்தார்.

"அதிலை ஒராள் இப்பத்தான் நன்றி சொல்ல வந்திட்டுப் போறார். ஒரே ஒரு வோட்டாலை தோத்திட்டாராம். பாவம், இன்னும் ரெண்டு கட்லெட் குடுத்து விட்டனான்."

இங்கே எங்களுக்கும் ஒருநாள் வோட்டு வரும். எங்கள் கட்டடத்துக் கதவுகளைத் தட்டப்போகிறவர்களை நினைத்தால் இப்போதே கவலையாக இருக்கிறது.

அக்காவின் இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், கீழே எழுதுங்கள்.

ஆளுக்கு ஒரு பதில் மட்டும்.